தருமசங்கடமும் நம் நூல்களும்



திருக்கோயிலுக்கு வருவோர் நெஞ்சில் சுமந்து வரும் பாரம் பலவகைப்படும். பொருள் வேண்டி வருவோர் உளர். நோய் நீங்க வேண்டி வருவோர் உளர். மக்கட்பேறு வேண்டி வருவோர் உளர். இவர்களிடையே வேறொரு சாராரும் உண்டு. அவர்கள் வேண்டுவது வழி ஒன்றே. இதைச் செய்வதா, அதைச் செய்வதா என்று துணிய இயலாமல், வழிபாடு முடிந்த பின்னும் கொடிமரத்தருகே நெடும்பொழுது அமர்ந்திருப்பார்கள்.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். முதிய தாய்க்குப் புற்றுநோய். இனிக் குணப்படுத்த இயலாது என்பதை மருத்துவர் மூத்த மகனைத் தனியே அழைத்துச் சொல்லிவிட்டார். வீடு திரும்பியதும் தாய் கேட்கிறாள்: "டாக்டர் என்னப்பா சொன்னார்?" மகன் என்ன விடை சொல்வான்? உள்ளதைச் சொன்னால் அவள் உள்ளம் உடையும். "ஒன்றுமில்லை அம்மா" என்றால் பெற்றவளிடமே பொய்யுரைத்ததாகும். வாய்மையும் அறம், தாயை நோகச் செய்யாமையும் அறம். ஒன்றைக் காத்தால் மற்றொன்று கைநழுவுகிறது.

இந்நிலைக்கு நம் முன்னோர் இட்ட பெயர் தருமசங்கடம். இச்சொல் இன்று மிகவும் தேய்ந்துவிட்டது. ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கலியாணங்களுக்கு அழைப்பு வந்துவிட்டால்கூட அதைத் தருமசங்கடம் என்கிறார்கள். சங்கடம் என்னும் வடசொல்லுக்கு இடுக்கு, நெருக்கம் என்பது பொருள். இரண்டு அறங்களுக்கு நடுவே மனிதன் நெருக்குண்டு நிற்கும் நிலையே தருமசங்கடம். நன்மைக்கும் தீமைக்கும் நடுவே நிற்பவனுக்கு இப்பெயர் பொருந்தாது. கையூட்டு வாங்கலாமா என்று தயங்குகிறவனுக்கு உள்ளது ஆசை, சங்கடம் அன்று. அவனுக்கு ஆத்திசூடியே போதும். நன்மை இரண்டு எதிர்நின்று மோதும்போது எந்த நூலைக் கையில் எடுப்பது என்பதே இங்கு எடுத்துக்கொண்ட பொருள்.

தமிழில் அறநூல்களுக்குப் பஞ்சமில்லை. பதினெண்கீழ்க்கணக்கு நூல்கள் 18-இல் 11 அறநூல்களே. நாலடியார் 400 பாடல்கள், பழமொழி 400 பாடல்கள் என அவை விரியும். திரிகடுகம், ஏலாதி, சிறுபஞ்சமூலம் என மருந்தின் பெயரையே நூலுக்கு இட்ட பெருமை தமிழுக்கு உண்டு. ஆயினும் ஒன்று நினைவில் இருத்தல் வேண்டும். நோய் இன்னதென்று தெரிந்தவனுக்கே மருந்து பயன்படும். பொய் சொல்லாதே என்று ஒரு பாட்டும், பிறரை வருத்தாதே என்று ஒரு பாட்டும் ஒரே ஏட்டில் அடுத்தடுத்து நிற்கும்போது, அந்த மூத்த மகன் எதைப் பற்றிக்கொள்வான்? இங்கேதான் படிக்கும் முறை தேவைப்படுகிறது.

முதலில் திருக்குறள். 1812-இல் அச்சேறியது முதல் இந்நூலுக்கு எண்ணற்ற பதிப்புகள் வந்துள்ளன. ஆனால் பலரும் குறளைத் தனித்தனியாகவே அறிவர். பேருந்தில் எழுதப்பட்ட ஒன்று, பள்ளிச் சுவரில் கண்ட ஒன்று, திருமண அழைப்பிதழின் தலைப்பில் அச்சிட்ட ஒன்று என அவை மனத்தில் உதிரியாய்க் கிடக்கும். சங்கடத்தில் இருப்பவன் உதிரிக் குறளைத் தேடலாகாது. அதிகாரம் முழுவதையும் படித்தல் வேண்டும். வாய்மை என்னும் 30-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்க. முதற் குறள், பிற உயிர்க்குத் தீங்கு சிறிதும் விளைக்காத சொல்லே வாய்மை என வரையறுக்கிறது. இரண்டாவது குறள் ஒருபடி மேலே சென்று, குற்றமற்ற நன்மையை விளைக்குமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று இசைவு தருகிறது. இந்த இரண்டை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு, தம் பொய்க்கெல்லாம் வள்ளுவரைச் சாட்சிக்கு இழுப்பவர் பலர். மூன்றாவது குறளை அவர்கள் படிப்பதில்லை. பொய் என்று தன் நெஞ்சமே அறிந்த ஒன்றைச் சொல்லாதே, சொன்னால் அந்நெஞ்சமே உன்னைச் சுடும் என்பது அதன் கருத்து. இசைவு தந்த மறுகணமே காவலும் வைத்துவிட்டார் வள்ளுவர். அதிகாரத்தின் இறுதிக் குறளோ, வாய்மைக்கு மேம்பட்ட அறம் வேறு கண்டதில்லை என்று முடிக்கிறது. இவ்வதிகாரம் துறவறவியலில் வைக்கப்பட்டிருப்பதும் நோக்கத்தக்கது. எல்லாம் துறந்தவனுக்கு உரிய இடத்தில் வைத்தே அந்த இசைவையும் தந்தார் என்றால், தன்னலம் கலந்த பொய்க்கு அங்கே இடமிருக்க முடியுமா?

பரிமேலழகர் உரையோடு படிப்பது சிறப்பு. அது கடினமாகத் தோன்றினால் டாக்டர் மு. வரதராசனாரின் தெளிவுரையைக் கொண்டு தொடங்கி, பின்னர்ப் பரிமேலழகரிடம் செல்லலாம்.

குறள் விதியைத் தந்தது. அந்த விதி மனிதர் நடுவே எப்படி நடமாடும் என்பதைக் காண இதிகாசத்துக்குச் செல்லவேண்டும். மகாபாரதத்தில் கர்ண பருவத்தில் கெளசிகன் என்னும் தவசியின் கதை வருகிறது. எந்நாளும் உண்மையே பேசுவது என்று விரதம் பூண்டவன் அவன். கள்வருக்கு அஞ்சி ஓடிவந்த மக்கள் சிலர் அவன் இருப்பிடத்துக்கு அருகே காட்டில் ஒளிந்துகொண்டனர். பின்தொடர்ந்த கள்வர், அவர்கள் எங்கே என்று தவசியைக் கேட்டனர். அவன் விரதம் கெடாமல் உள்ளதைச் சொன்னான். ஒளிந்திருந்தவர் அனைவரும் கொல்லப்பட்டனர். வாய்மை தவறாத அத்தவசி இறந்தபின் நரகம் புகுந்தான் என்று கதை முடிகிறது. இக்கதையைச் சொல்பவன் கண்ணன், கேட்பவன் அருச்சுனன். காண்டீபத்தை வேறொருவனிடம் கொடு என்று எவன் சொன்னாலும் அவனைக் கொல்வதாக அருச்சுனன் சபதம் செய்திருந்தான். போர்க்களத்தில் மனம் நொந்த தருமனே அச்சொல்லைச் சொல்லிவிட்டான். சபதத்தைக் காக்க அண்ணனைக் கொல்ல வாளை உருவியவனைத் தடுக்கவே கண்ணன் இக்கதையை எடுத்துரைக்கிறான்.

இதை மட்டும் படித்து நூலை மூடிவிட்டால் ஆபத்து. அதே பாரதத்தில் துரோண பருவத்தையும் உடன் படித்தல் வேண்டும். அசுவத்தாமன் மாண்டான் என்று தருமன் சொன்ன சொல், போரின் போக்கையே மாற்றியது. துரோணர் படைக்கலத்தை நீத்தார். பாண்டவர்க்குப் பெருந்தடை ஒன்று நீங்கியது. ஆயினும், அதுவரை நிலத்தைத் தொடாமல் நால்விரல் உயரத்தில் ஓடிய தருமனின் தேர் அந்தக் கணத்தில் தரையில் இறங்கியது என்கிறார் வியாசர். அதனோடும் விட்டாரில்லை. இறுதியில் விண்ணுலகம் சென்ற தருமனுக்குச் சற்றுநேரம் நரகக் காட்சி காட்டப்படுகிறது. துரோணரை வஞ்சித்ததே அதற்குக் காரணம் என்று இந்திரன் சொல்கிறான். உண்மை சொன்ன தவசிக்கும் நரகம், பொய் சொன்ன தருமனுக்கும் நரகத்தின் வாயில். இவ்விரண்டையும் அருகருகே வைத்தவர் வியாசர். எளிய விடை தேடுவோர்க்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் சங்கடத்தில் உழல்பவனுக்கு இதுவே பெரிய ஆறுதல். அவன் திகைப்பு அறியாமையால் வந்ததன்று என்று அவனுக்குத் தெரிகிறது.

இப்போது அந்தத் தாயிடம் திரும்புவோம். இந்நூல்களைப் படித்த மகன், சொல்லலாமா கூடாதா என்று கேட்பதை நிறுத்தி வேறொன்று கேட்கத் தொடங்குவான். மறைப்பதால் வரும் நன்மை யாருக்கு? தாய்க்கா, அவள் அழுவதைக் காணப் பொறாத தனக்கா? தங்கையோடு பல ஆண்டுகளாகப் பேசாதிருக்கும் அவள், காலம் குறுகியது என அறிந்தால் ஒருமுறை போய்ப் பார்க்க விரும்பக்கூடும். நேர்த்திக்கடன் ஒன்று நிலுவையில் இருக்கலாம். வீட்டை யாருக்கு எழுதுவது என்று முடிவு செய்யாதிருக்கலாம். அவற்றுக்குரிய நாளை அவளிடமிருந்து பறிக்கும் பொய் குற்றமற்ற நன்மை ஆகுமா? வேறொரு தாய், கேட்பதுபோல் கேட்டாலும் விடையை அறிய விரும்பாதவளாக இருப்பாள். அவளிடம் கேட்காததையும் சேர்த்துக் கொட்டிவிட்டு, உண்மை பேசினேன் என்று மகன் மனநிறைவு கொண்டால் அவன் கெளசிகனுக்கு உறவினன். தாயின் முகத்தைப் பார்த்தே இதைத் துணிய வேண்டும். எதைப் பார்க்கவேண்டும் என்பதை நூல் சொல்லித்தரும். பார்க்க வேண்டியவன் மகன்.

பாரதத்தை எளிய நடையில் படிக்க விரும்புவோர்க்கு இராஜாஜியின் வியாசர் விருந்து உண்டு. கிளைக்கதைகளும் முழுமையாக வேண்டுமாயின், கும்பகோணம் ம. வீ. இராமானுஜாசாரியார் பதிப்பித்த பெரிய மொழிபெயர்ப்பை நாடுக. பல தொகுதிகள் கொண்ட அது வீட்டில் வாங்கி வைப்பதற்கு எளிதன்று; நூலகத்தில் கேட்டுப் பெறலாம்.

அடுத்துக் கம்பராமாயணம். இங்கே சற்றுத் தங்குதல் வேண்டும். யுத்த காண்டத்தில் கும்பகருணன் வதைப் படலத்தில் உடன்பிறந்தார் இருவர் எதிரெதிர் நின்று உரையாடும் காட்சி ஒன்று உண்டு. தருமசங்கடத்தைப் பற்றித் தமிழில் இதனினும் ஆழமான பகுதி இல்லை என்று துணிந்து சொல்லலாம்.

இராவணன் செய்தது தவறு என்பதில் தம்பியர் இருவருக்கும் ஐயமில்லை. சீதையை விட்டுவிடு என்று கும்பகருணனும் அறிவுரை சொன்னான், வீடணனும் சொன்னான். அண்ணன் இருவர் சொல்லையும் கேட்கவில்லை. வீடணன் பிரிந்து இராமனைச் சேர்ந்தான். கும்பகருணன் போருக்கு எழுந்தான். களத்தில் அவனைக் கண்டு, இராமன் இசைவு பெற்று, வீடணன் அழைக்க வருகிறான். இராமனிடம் வந்துவிடு, அருள் கிட்டும், அரசும் கிட்டும் என்கிறான். கும்பகருணன் மறுக்கிறான். தன்னை நெடுநாள் ஊட்டி வளர்த்து, இன்று போர்க்கோலம் செய்து அனுப்பியவனுக்கு உயிரைத் தராமல், நிலையற்ற வாழ்வுக்கு ஆசைப்பட்டு அப்பால் போகமாட்டேன் என்கிறான்.

இதுவரை சொன்னதில் வியப்பில்லை. செய்ந்நன்றி பெரிதென்று நினைப்பவன் இப்படித்தான் பேசுவான். வியப்பு இனிமேல்தான். தம்பியைத் துரோகி என்று அவன் ஏசவில்லை. நீ சென்ற இடம் உனக்குத் தக்கது, அங்கேயே திரும்பிப் போ என்கிறான். நாங்களெல்லாம் மாண்டபின் நீர்க்கடன் செய்ய உன்னையன்றி யார் இருக்கிறார் என்று கேட்டுத் தம்பியைத் தழுவிக்கொள்கிறான். பின்னர்க் களத்தில் கைகால் இழந்து விழும் தறுவாயில், இராமனிடம் அவன் வேண்டுவன இரண்டு. என் தம்பியை இராவணனிடமிருந்து காத்தருள்க என்பது ஒன்று. மூக்கிழந்த தன் முகத்தைப் பிறர் காணாதபடி தலையைக் கடலில் ஆழ்த்திவிடுக என்பது மற்றொன்று. அண்ணனுக்காக உயிர்விடுகிறவனின் கடைசிக் கவலை, அண்ணனை விட்டுப்போன தம்பியைப் பற்றியது!

ஒருவன் நன்றியைக் காத்தான். மற்றவன் அறத்தைக் காத்தான் என்று எளிதாகப் பிரித்துச் சொல்வர். நன்றியும் அறமே அன்றோ? இளமையில் தந்தையை இழந்த ஒருவனைத் தன் கடையில் சேர்த்து, சோறு போட்டு, கணக்குப்பிள்ளை ஆக்கினார் ஒரு முதலாளி என்று கொள்வோம். இன்று அவரே எடையில் ஏமாற்றுகிறார். பொய்க்கணக்கு எழுதச் சொல்கிறார். அவன் வீடணன் ஆவதா, கும்பகருணன் ஆவதா? கும்பகருணன்கூடத் தவறு என்று முகத்துக்கு நேரே சொன்ன பிறகே வாளெடுத்தான் என்பதை மறந்துவிடலாகாது. வாய்மூடி இருந்து சம்பளம் வாங்கிக்கொண்டு, நன்றிக்கடன் என்று பெயர் சூட்டுவோர்க்கு அவன் துணைவர மாட்டான். அவ்வாறே, இடம் மாறியதால் மட்டும் ஒருவன் வீடணன் ஆகிவிடுவதில்லை. அண்ணன்மார் மாண்டபோது அழுதவன் அவன். அவர்களுக்கு இறுதிக்கடன் செய்தவனும் அவன். பிரிந்துபோனவர்க்கும் சில கடன்கள் எஞ்சியிருக்கும்.

கிட்கிந்தா காண்டத்து வாலி வதைப் படலமும் இத்தகையதே. மறைந்து நின்று எய்தது முறையா என்று வாலி கேட்கும் கேள்வியைக் கம்பர் சுருக்கவில்லை. அடிபட்டவன் நிரம்பப் பேசட்டும் என்று இடம் தருகிறார். மறைந்து எய்ததற்கு விடை சொல்ல இலக்குவன் முன்வருகிறான் என்பது கவனிக்கத்தக்கது. காரைக்குடியில் 1939-இல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகம் முதலாக, எத்தனையோ மேடைகளில் இது பட்டிமண்டபப் பொருளாகிவிட்டது. பட்டிமண்டபத்தில் நடுவர் ஒருவர் இருப்பார். நேரம் முடிந்ததும் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். வீட்டில் தனியே அமர்ந்து படிப்பவனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆதலின் தனியே படிப்பதே நன்று.

பெரியபுராணத்தைப் பற்றிச் சொல்லுமுன் ஓர் எச்சரிக்கை. அடியார் வரலாறுகளில் சில, பக்தியின் எல்லை எதுவென்று காட்டுவதற்காக அமைந்தவை. சிறுத்தொண்டர் வரலாறு அத்தகையது. பிள்ளைகளுக்கு அதைச் சொல்லும்போது, இது நாம் செய்துபார்ப்பதற்கு உரியதன்று என்று சேர்த்தே சொல்லவேண்டும். அதைக் கேட்டு ஒரு குழந்தை முகம் வாடினால் அக்குழந்தையைக் கடிந்துகொள்ளாதீர்கள். முகம் வாடுவதே முறை.

அறச்சிக்கலை அறியப் பெரியபுராணத்தில் முதலில் படிக்கவேண்டியது மனுநீதிச் சோழன் வரலாறு. மிகப் பழைய கதை இது. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் அவையில் கண்ணகி இதை எடுத்துரைக்கிறாள். பழமொழி நானூறும் இதைச் சுட்டுகிறது. ஈழநாட்டில் பாலி மொழியில் எழுந்த மகாவம்சமும், அனுராதபுரத்தில் 44 ஆண்டுகள் ஆண்ட எல்லாளன் என்னும் தமிழ் மன்னன்மேல் இதே நிகழ்ச்சியை ஏற்றிச் சொல்கிறது. அந்நூலில் மாண்ட மைந்தன் மீண்டும் எழுவதில்லை. எதிரணி மன்னனைப் புகழும்படி ஒரு வரலாற்று நூலைச் செய்வித்த நீதி அது.

கதை எல்லாரும் அறிந்தது. ஆனால் சேக்கிழார் சொல்லும் முறையை அறிந்தவர் சிலரே. இளவரசன் கொடியவன் அல்லன். கன்று தானே பாய்ந்து தேர்க்காலில் அகப்பட்டது. அவனும் பதறி, தந்தை அறியுமுன் கழுவாய் தேட அந்தணரிடம் செல்கிறான். தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடித்தபின், அமைச்சர்கள் அரசனிடம் சொல்வதும் நியாயமற்றதன்று. ஆவைக் கொன்றார்க்கு அந்தணர் விதித்த கழுவாய் உண்டு, அதைச் செய்வித்தல் தொன்றுதொட்டு வந்த நெறி என்கிறார்கள். அரசன் இரண்டு வாதங்களை வைக்கிறான். அயலான் ஒருவன் ஓர் உயிரைக் கொன்றால் அவனைக் கொல்வேன், என் மகன் கொன்றால் கழுவாயா என்பது ஒன்று. நீங்கள் காட்டும் பழைய நெறியில் எந்தப் பசு கதறிவந்து மணியடித்து முறையிட்டது என்பது மற்றொன்று. புதிதாக வந்து நிற்கும் துயரத்துக்குப் பழைய முன்மாதிரி விடையாகாது என்னும் இக்கருத்து, நீதி வழங்கும் இடத்தில் இருப்போர் ஒவ்வொருவரும் நினைக்கத்தக்கது.

இதன்பின் வரும் ஒரு பாட்டு பலர் கண்ணுக்குத் தப்பிவிடும். அரசன் அமைச்சர்களுள் ஒருவனை அழைத்து, இளவரசன்மேல் தேரைச் செலுத்துக என ஆணையிடுகிறான். அரசன் ஆணையைச் செய்வது அமைச்சன் கடமை. மணிமுடிக்கு உரிய ஒரே மைந்தனைக் காப்பதும் அவன் கடமை. அவன் ஆணையை மறுத்துப் பேசவில்லை. தேரில் ஏறவும் இல்லை. அப்பால் சென்று தன் உயிரைத் துறந்தான். அதன் பிறகே அரசன் தன் மகனைத் தானே அழைத்துக்கொண்டு வீதிக்கு வருகிறான்.

அந்த அமைச்சனின் பெயரைச் சேக்கிழார் சொல்லவில்லை. ஒரே பாட்டுக்குள் அவன் வந்து மறைகிறான். அவன் செய்தது சரியென்று புகழவும் இல்லை. ஆணையை மீறினான் என்று இகழவும் இல்லை. உயிரைத் துறப்பது வழியாகாது என்று இன்று சொல்வோம், சொல்லத்தான் வேண்டும். பதவியைத் துறந்திருக்கலாமே என்று கேட்போம். ஆனால் ஆணையிட்டவன் கையாலேயே அச்செயல் நடக்கட்டும், என் கையால் அன்று என்று அவன் விலகியதில் ஒரு கேள்வி இருக்கிறது. மேலதிகாரி சொன்னார், செய்தேன் என்று சொல்லும் ஒவ்வொருவரையும் அக்கேள்வி தொடும். தியாகேசன் தோன்றியருளியபோது கன்று எழுந்தது, இளவரசன் எழுந்தான், கூடவே அந்த அமைச்சனும் எழுந்தான் என்று பாடிய சேக்கிழார், அவனை மறக்கவில்லை என்பது மட்டும் தெளிவு.

இவ்வரலாறு திருமலைச் சருக்கத்தில் திருநகரச் சிறப்பு என்னும் பகுதியில் உள்ளது. ஏறத்தாழ 50 பாடல்கள். கோவை சி. கே. சுப்பிரமணிய முதலியார் எழுதிய உரையோடு பார்த்தால் பதவுரைக்குத் திண்டாட வேண்டியதில்லை. வீட்டில் ஒருவர் படிக்க மற்றவர் கேட்டால் ஒரு மாலைப்பொழுதில் முடித்துவிடலாம். அமைச்சன் வரும் பாட்டு வந்ததும் அடுத்த பாட்டுக்கு விரைய வேண்டாம். கேட்டுக்கொண்டிருப்பவர்களை, நீங்களாயிருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். பிள்ளைகள் முதலில் சொல்லட்டும்.